செவிக்கு இமை இல்லை

கண்ணுக்கு இமையைத் தந்த இறைவன் செவிக்கு இமை தரவில்லை. காண விரும்பாதவற்றைக் கண்மூடித் தவிர்க்கலாம். கேட்க விரும்பாதவற்றை அவ்வாறு தவிர்த்தல் இயலாது. நாம் உறங்கும்போதும் செவி விழித்தே இருக்கிறது. ஓயாது உழைக்கும் அவ்வுறுப்பை நாம் பொருட்படுத்துவதோ மிகக் குறைவு. அண்மையில் திருக்கனூரில் உறவினர் இல்லமொன்றில் கழித்த ஒரு மாலைப்பொழுது, இவ்வுண்மையை நமக்கு ஆழ உணர்த்திற்று. ஹெட்போன் ஒன்று வாங்குவது பற்றிய எளிய பேச்சாகத்தான் அது தொடங்கியது.

திருக்கனூர், புதுவை மாநிலத்து மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த ஊர். காகிதக் கூழால் பொம்மை செய்யும் கைத்திறனுக்குப் பெயர் பெற்றது. அக்கைத்தொழில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. நாம் சென்ற இல்லத்தின் திண்ணையிலும் அன்று பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டின் மூத்த மகன் புதுவை நகரில் கல்லூரியில் பயில்பவன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் பேருந்துப் பயணம். ஞாயிறுதோறும் பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவனும் அவனே.

பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்த அவனை அன்னை அழைத்தார். மறுமொழி இல்லை. மீண்டும் அழைத்தார். மூன்றாம் முறைதான் அவன் திரும்பி, "என்னம்மா?" என்றான். அப்போது அவன் காதில் எந்தக் கருவியும் இல்லை என்பதை நாம் கவனித்தோம்.

"பாருங்கண்ணே, தினமும் இதே கதைதான். மூணு தடவை கூப்பிட்டாத்தான் காதுல விழுது" என்று நம்மிடம் முறையிட்டார் அன்னை. "அந்தக் கருமத்தைப் பிடுங்கி அடுப்புல போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் தந்தை. மூலையில் அமர்ந்திருந்த ஆயா, "எனக்குத்தான் வயசாயிடுச்சு, இவனுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். அவன் சிரித்து மழுப்பினான். பின்னர் நம் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் ஒன்று கூறினான்: "பஸ்ஸை விட்டு இறங்கினதும் காதுக்குள்ள ஒரு ரீங்காரம் கேக்குது மாமா. கொஞ்ச நேரத்துல போயிடும். புதுசா ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். காதை மூடுற மாதிரி, மடக்கிப் பைக்குள்ள வைக்கிற மாதிரி. அப்பாவை நீங்கதான் சம்மதிக்க வைக்கணும்."

தந்தை வேண்டாம் என்கிறார். மகன் வேண்டும் என்கிறான். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. இத்தகைய வழக்கு இன்று திருக்கனூரில் மட்டுமன்றி, நம் பங்குகளின் எத்தனையோ இல்லங்களில் நடைபெறுகிறது. ஆதலின், சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஒலி ஏன் ஏறுகிறது?

அந்த இளைஞன் இசை வெறியன் அல்லன். வீட்டில் மெல்லிய ஒலியிலேயே கேட்பவன். பேருந்தில் ஏறியதும் ஒலியளவைக் கூட்டுகிறான். ஏன்? எஞ்சினின் உறுமல், காற்றொலிப்பானின் அலறல், நடத்துநரின் விசில், சன்னல் கண்ணாடிகளின் அதிர்வு ஆகிய யாவும் சேர்ந்து, நம் பேருந்துகளுக்குள் இரைச்சல் 80 டெசிபெல் அளவை எளிதில் தொட்டுவிடும். அவன் வைத்திருந்தது காதின் வாயிலில் தொங்கும் கடினமான சிறு இயர்போன். அது வெளியிரைச்சலைச் சிறிதும் தடுப்பதில்லை. இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமாயின், பாட்டை 90 டெசிபெலுக்கு மேல் ஏற்றியே ஆக வேண்டும். இரைச்சலோடு மல்லுக்கட்டி வெல்லும் பாட்டு, வென்ற பின் செவியையும் அடித்துவிடுகிறது.

செவிக்குள் நடப்பது என்ன? உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் மயிரிழை போன்ற நுண்முனைகளை உடைய உயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அதிர்வை மூளைக்குச் செல்லும் செய்தியாக மாற்றுபவை அவையே. பேரொலி மீண்டும் மீண்டும் தாக்கினால் அவை களைத்துத் துவள்கின்றன. பேருந்தை விட்டு இறங்கியதும் அவன் கேட்ட ரீங்காரம் அத்தகைய களைப்பின் அறிகுறி. ஓய்வு தந்தால் பெரும்பாலும் தேறும். ஓய்வின்றி அடித்தால் மடியும். வயலில் பயிர் மடிந்தால் அடுத்த பட்டத்தில் மீண்டும் நடலாம். மனிதச் செவியில் மடிந்த இவ்வணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

வாரத்துக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2019ஆம் ஆண்டில் இசைக் கருவிகளுக்கான பாதுகாப்பு அளவு ஒன்றை வெளியிட்டன. வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்தான் எல்லை. இதனோடு ஒரு விதியையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒலி 3 டெசிபெல் ஏறினால் அதன் ஆற்றல் இரட்டிக்கும். கேட்கத்தகும் நேரம் பாதியாகும். 83 டெசிபெலுக்கு 20 மணி. 86க்கு 10 மணி. 89க்கு 5 மணி. 92க்கு இரண்டரை மணி. அவ்வளவே.

இக்கணக்கை அந்த இளைஞனுக்குப் பொருத்திப் பார்த்தோம். அவனுடைய பயணம் வாரத்துக்கு 12 மணி நேரம். 92 டெசிபெலில் கேட்டுக்கொண்டு செல்வானாயின், திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் தீர்கிறது. செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து புதுவையை அடையுமுன்னரே அவனது அந்த வாரத்துப் பங்கு முழுவதும் தீர்ந்துவிடுகிறது! எஞ்சிய நாள்களில் அவன் கேட்பதெல்லாம் செவியின் முதலிலிருந்து எடுத்துச் செலவிடுவதே. வட்டியில் வாழ்பவன் முதலைத் தின்னத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இக்கணக்கைக் கேட்ட தந்தை, "அப்போ நான் சொன்னதுதான் சரி, அடுப்புதான்" என்றார். அவசரப்படலாகாது. பேருந்தின் இரைச்சல் அடுப்பில் எரியாது. தடை செய்தால், தந்தையின் கண்ணுக்கு மறைவாக அதே பழைய கருவி மீண்டும் காதில் ஏறும். இரைச்சலைச் செவிக்கு வெளியே நிறுத்தும் வழியைத் தேடுவதே அறிவுடைமை. மகன் கேட்ட பின்புறம் மூடிய ஹெட்போனின் பயன் இங்குதான் வெளிப்படுகிறது.

மூடிய கிண்ணம்

ஹெட்போன் நூறாண்டைக் கடந்த பொருள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்த கருவியை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. இசை கேட்பதற்கென இரு செவிக்கும் தனித்தனி ஒலி தரும் ஹெட்போனை ஜான் காஸ் 1958இல் அறிமுகப்படுத்தினார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்புறம் திறந்த வகையைக் கொணர்ந்தது. 1979இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் சிறு கேசட் கருவியை வெளியிட்டபோது, பஞ்சு ஒட்டிய மெல்லிய ஹெட்போன் அதனுடன் வந்தது. வீட்டுக்குள் இருந்த இசை வீதிக்கு வந்தது அப்போதுதான். வீதியின் இரைச்சல் இசையோடு போட்டியிடத் தொடங்கியதும் அப்போதுதான்.

பின்புறம் திறந்த வகையில், காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் சல்லடையாக இருக்கும். காற்றோட்டமும் இசையின் விரிவும் அதில் நன்று. ஆனால் வெளியொலி உள்ளே வரும்; உள்ளொலி அருகில் இருப்போர்க்கும் கேட்கும். அமைதியான அறைக்கே அது ஏற்றது. பின்புறம் மூடிய வகையிலோ கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுவதும் அடைபட்டிருக்கும். விளிம்பில் மெத்தென்ற குஷன் காதைச் சுற்றி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

திண்ணையில் கிடந்த பொம்மையின் பாதி ஓட்டைக் கையில் எடுத்து அந்த அன்னைக்கு இதனை விளக்கினோம். ஓட்டைக் காதின்மேல் கவிழ்த்தால் தெருவின் ஓசை தேய்கிறது. ஓரத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டால் ஓசை மீண்டும் புகுந்துவிடுகிறது. மூடிய ஹெட்போனின் இரகசியம் முழுவதும் இதுவே. விளிம்பு ஒட்டினால் காவல். ஒட்டாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

நன்கு பொருந்திய மூடிய ஹெட்போன் வெளியிரைச்சலை ஏறத்தாழ 10 டெசிபெல் அளவுக்குத் தணிக்கும். சன்னலின் கலகலப்பு, மனிதக் குரல் போன்ற மேல்தட்டு ஒலிகளை நன்றாகத் தடுக்கும்; எஞ்சினின் அடித்தொனியை அவ்வளவாகத் தடுக்காது. 10 டெசிபெல் சிறிது போலத் தோன்றலாம். ஆனால் 92இல் கேட்டவன் 82இல் கேட்பான் என்பது அதன் பொருள். வாரத்துக்கு இரண்டரை மணி என்றிருந்த எல்லை 25 மணிக்கும் மேலாக விரிகிறது. அவனுடைய 12 மணி நேரப் பயணம் அதற்குள் அடங்கிவிடுகிறது அன்றோ?

காதுக்குள் இறுகப் பொருந்தும் ரப்பர் முனை கொண்ட இயர்போன்களும் இரைச்சலை நன்கு தடுக்கவல்லவை. எனினும் முனையின் அளவு சரியாக அமைதல் வேண்டும். காதுச் சீழ், அரிப்பு உடையோர்க்கு அவை ஆகா. அத்தகையோர்க்குக் காதைச் சுற்றி அமரும் ஹெட்போனே உகந்தது.

இரைச்சலை இரைச்சலால் அடக்கும் வகையும் உண்டு. இதன் பின்னே நம் நாட்டுத் தொடர்பு ஒன்று இருக்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மைந்தர் அமர் கோபால் போஸ். 1978இல் ஐரோப்பாவிலிருந்து வானூர்தியில் திரும்பியபோது, எஞ்சின் இரைச்சலால் ஹெட்போனில் இசையைத் துய்க்க இயலாமல், அப்பயணத்திலேயே அதற்குத் தீர்வாகக் கணக்கிட்டார். ஹெட்போனில் உள்ள ஒலிவாங்கி வெளியிரைச்சலை உணர்ந்து, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1989இல் அவருடைய நிறுவனம் வானூர்தி ஓட்டுநர்க்கும் 2000இல் பொதுமக்களுக்கும் இவ்வகையைக் கொணர்ந்தது. எஞ்சினின் அடித்தொனியை அடக்குவதில் இதற்கு ஈடில்லை. விலை கூடுதல், பேட்டரியும் தேவை. நாள்தோறும் நெடுநேரம் பயணம் செய்வோர்க்கு இது தக்க செலவே. மற்றவர்க்கு நன்கு ஒட்டும் மூடிய கிண்ணம் போதும்.

மடக்கும் கீல்

பையில் எடுத்துச் செல்வதற்கே மடக்கும் வகை. இதில் இரு விதம் உண்டு. ஒன்றில் கிண்ணங்கள் பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகும்; மற்றொன்றில் அவை தலைப்பட்டைக்குள் உள்நோக்கி மடங்கிக் கைப்பிடி அளவாகச் சுருங்கும். புத்தகங்களுக்கிடையே வைப்போர்க்கு முன்னது. சிறு பை உடையோர்க்குப் பின்னது.

எவ்விதமாயினும் மடக்கும் ஹெட்போனின் உயிர்நிலை அதன் கீலே. வீட்டுக் கதவில் முதலில் தளர்வது கீல் அன்றோ? கீல் தேய்ந்தால் கிண்ணம் சாயும். சாய்ந்தால் விளிம்பு ஒட்டாது. ஒட்டாவிட்டால் ஒலியளவு மீண்டும் ஏறும். வெறும் பிளாஸ்டிக் முளையில் சுழலும் கீலைக் காட்டிலும் உலோக அச்சுடையது நெடுநாள் உழைக்கும். தலைப்பட்டையின் உள்ளே எஃகுப் பட்டை ஓடுகிறதா என்பதையும் நோக்குக. கீலின் ஊடே செல்லும் ஒயர் மடக்கும்போது நசுங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு காதில் ஒலி நின்றுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். டிபன் பெட்டியும் தடித்த புத்தகமும் அழுத்தும் பையில் வைப்பதாயின், கெட்டியான உறை ஒன்று தேவை.

அளவிலும் இரு வகை உண்டு. காதின்மேல் அமர்வது சிறியது, இலேசானது. ஆனால் காதுமடலை அழுத்தும், இரைச்சலையும் குறைவாகவே தடுக்கும். காதை முழுதும் சுற்றி அமர்வது சற்றுப் பெரியது; ஆயினும் பேருந்துக்கு அதுவே சிறந்தது. எடை 300 கிராமுக்கு மிகாதிருத்தல் நலம்.

ஒயரா, புளூடூத்தா?

இதற்கு ஒரே விடை இல்லை, பயனைப் பொறுத்தது. புளூடூத் வகையில் ஒயர் சிக்கும் தொல்லையில்லை. கூட்டத்தில் இழுபட்டு அறுந்து போவதுமில்லை. ஆனால் அதன் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் தளரும். மாற்ற இயலாத பேட்டரியாயின் கருவியே வீணாகும். சார்ஜ் தீர்ந்தபோது ஒயர் இணைத்தும் கேட்கும் வசதி உள்ளதைத் தேர்வது நன்று.

நம் இளைஞனோ கீபோர்டு வாசிப்பவன். இரவில் ஆயா உறங்கும்போது ஞாயிறு திருப்பலிக்கான பாடல்களைப் பழகுபவன். புளூடூத்தில் ஒலி சற்றே பிந்தி வரும். கட்டையை அழுத்திய பின்னர் சுரம் வந்தால் தாளம் எங்ஙனம் நிற்கும்? ஆதலின் அவனுக்கு ஒயர் வசதி இன்றியமையாதது. கீபோர்டுகள் பலவற்றில் 6.3 மில்லிமீட்டர் துளை இருக்கும். கைப்பேசிக்கான பின் 3.5 மில்லிமீட்டர். இரண்டையும் இணைக்கும் சிறு மாற்றுப் பின் மலிவாகக் கிடைக்கும். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளையே இல்லை. அவற்றுக்கு வேறு இணைப்பு வாங்க வேண்டும். தம் கைப்பேசியில் எது உள்ளது என்பதைக் கடைக்குச் செல்லுமுன்னரே பார்த்துக்கொள்க.

ஒயர் வகையில் 'ஓம்' என ஓர் எண் குறித்திருப்பர். அது மின்னோட்டத்துக்குக் கருவி காட்டும் தடையின் அளவு. 16 முதல் 64 ஓம் வரை உள்ளவை கைப்பேசிக்குப் பொதுவாக ஏற்றவை. 250 ஓம் போன்றவை ஒலிப்பதிவு நிலையத்துக்கு உரியவை. கைப்பேசியில் அவை முனகும்.

ஒலிப்பதிவாளர் பலர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் மூடிய, மடக்கும் ஹெட்போன்கள் சிலவற்றின் வரலாறு நமக்கொரு பாடம். சோனி நிறுவனம் 1991இல் வெளியிட்ட எம்.டி.ஆர். 7506 என்பதும், ஆடியோ டெக்னிகா நிறுவனம் 2014இல் வெளியிட்ட எம் 50 எக்ஸ் என்பதும் அத்தகையவை. அவை நெடுநாள் உழைப்பதற்கு ஒரு காரணம், தேய்ந்த குஷனைக் கழற்றிப் புதிது போடலாம் என்பதே. எம் 50 எக்ஸில் ஒயரையும் கழற்றி மாற்றலாம். அவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. குறைந்த விலைக் கருவியிலும் இப்பண்பைத் தேடுங்கள் என்கிறோம்.

கடையில் பத்து நிமிடம்

புடவை எடுக்கச் சென்றால் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், செவிக்கு அணிவதைப் பெட்டியின் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். இது முறையன்று. அணிந்து பார்க்க விடும் கடைக்குச் செல்லுங்கள்.

முதலாவது, பாட்டு ஏதுமின்றி அதனை அணிந்து பாருங்கள். கடையின் பேச்சொலியும் மின்விசிறியின் ஓசையும் தெளிவாகத் தேய வேண்டும். விரலால் கிண்ணத்தைச் சற்றே அழுத்தும்போது இன்னும் தேய்ந்தால், அது உங்கள் தலைக்கு ஒட்டவில்லை என்று அறிக.

இரண்டாவது, பத்து நிமிடம் கழற்றாது அணிந்திருங்கள். மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்ணாடியுடனும், பெண்கள் தாம் வழக்கமாக அணியும் தோட்டுடனும் சோதிக்க வேண்டும். கண்ணாடியின் காம்பு விளிம்பில் இடைவெளி உண்டாக்கும். தோடு அழுந்தி வலிக்கும். பின்னலும் பூவும் தலைப்பட்டையை நழுவச் செய்யும்.

மூன்றாவது, நன்கு அறிந்த ஒரு பாடலை மெல்லிய ஒலியில் கேளுங்கள். குரலின் சொற்கள் தெளிவாகப் புரிகின்றனவா? மெல்லிய ஒலியில் தெளிவாக ஒலிப்பதே நல்ல கருவி. தாழ்ந்த தாளவொலியை மட்டும் இடிபோல் முழக்கிச் சொற்களை மறைக்கும் கருவி, தெளிவை நாடி நம்மை ஒலியைக் கூட்டத் தூண்டும்.

நான்காவது, பலமுறை மடக்கி விரித்துப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருப்பின் வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, குஷன் தனியே கிடைக்குமா என்று வினவுங்கள். கடற்காற்றும் வியர்வையும் மிக்க நம் பகுதியில், தோல் போன்ற செயற்கை உறை விரைவில் உரிந்து உதிரும். உரிந்த குஷன் ஒலியை ஒழுக விடும்.

இறுதியாக, கம்பியில்லா வகையாயின் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் பெட்டியில் உள்ளதா என்று நோக்குக; பில்லைக் கேட்டுப் பெறுக. பில்லும் உத்தரவாதச் சீட்டும் இருந்தால், குறை நேர்ந்தபோது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

வீட்டு ஒழுங்கு

நல்ல கருவியை வாங்கிக் கொடுத்ததோடு பெற்றோர் கடமை முடிந்துவிடுவதில்லை. கத்தியை வாங்குவது எளிது. பிடிக்கக் கற்பிப்பதே அரிது.

வீட்டின் அமைதியில் ஒலியளவை அமைத்துக்கொள்ள வேண்டும். பேருந்தில் ஏறிய பின் அதனைக் கூட்டலாகாது. இதுவே முதல் விதி. பேருந்தில் சற்றுக் குறைவாகக் கேட்டால் கேட்கட்டும். கைப்பேசியின் உச்ச ஒலியில் 60 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பல கைப்பேசிகளில் உச்ச அளவைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. சிறுவர் பயன்படுத்தும் கருவிகளில் பெற்றோர் அதனைச் செய்துவிடுதல் நன்று.

இரண்டாம் விதி சாலையைப் பற்றியது. இரைச்சலைத் தடுக்கும் கருவி, எச்சரிக்கும் ஒலிப்பானையும் தடுக்கும் என்பதை மறக்கலாகாது. இருக்கையை விட்டு எழும்போதே ஹெட்போன் கழுத்துக்கு இறங்கிவிட வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டரும் நெடுந்தொலைவுப் பேருந்தும் விரையும் சாலையில், காதை மூடிக்கொண்டு நடப்பதும் வண்டி ஓட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். இருப்புப்பாதையைக் கடப்போர்க்கு இது இன்னும் மிகப் பொருந்தும்.

மூன்றாம் விதி தூய்மை. வியர்த்த குஷனைத் துடைத்து, காற்றாட வைத்த பின்னரே மடக்க வேண்டும். காதில் புண்ணோ சீழோ உள்ளவரின் கருவியை மற்றவர் அணியலாகாது.

நான்காவதை விதி என்பதா, வேண்டுகோள் என்பதா? மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் குடும்பமாகக் கூடியமர்ந்து சிற்றலையில் கேட்டோர் நம்மில் பலர். 2018இல் அவ்வானொலி சிற்றலையை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. வானொலிப் பெட்டி ஒன்றே இருந்த நாளில், எதைக் கேட்பது என்று வீட்டார் கூடி முடிவு செய்தனர். கேட்டதைப் பற்றிப் பேசினர். இன்று ஒரே கூடத்தில் நால்வர் நான்கு உலகங்களில் அமர்ந்திருக்கிறோம். மூடிய கிண்ணம் பேருந்தின் இரைச்சலை அடைக்கட்டும். அன்னையின் குரலை அடைக்க வேண்டாம். உணவு வேளையிலும் மாலைச் செபத்தின் போதும் ஹெட்போன் மடங்கியே இருக்கட்டும்.

அந்த இளைஞன் என்ன ஆனான்?

கருவி வாங்குமுன் செவியைச் சோதிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். தந்தையே மகனை அழைத்துக்கொண்டு காது மருத்துவரிடம் சென்றார். ஒலி அடைத்த அறையில், வெவ்வேறு சுருதிகளை மெல்லிதாக ஒலித்து, எது கேட்கிறது என்று குறித்துப் படம் வரையும் சோதனை அது, வலியில்லை. சாதாரணப் பேச்சின் சுருதிகளில் குறை பெரிதாக இல்லை. 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்சச் சுருதியில் மட்டும் வரைகோடு இரு காதிலும் சற்றே பள்ளம் விழுந்திருந்தது. பேரொலியால் வரும் கேடு பெரும்பாலும் அவ்விடத்தில்தான் தொடங்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை அப்பகுதியில்தான் உள்ளது. அது மங்கினால் ஓசை கேட்கும், சொல் புரியாது. பின்னாலிருந்து அழைத்த அன்னையின் சொற்கள் மூன்று முறை தப்பியதன் காரணம் இப்போது விளங்கிற்று. விழுந்த பள்ளத்தை மருந்தால் நிரப்ப இயலாது, ஆழமாகாமல் காப்பது அவன் கையில் உள்ளது என்று மருத்துவர் கூறியனுப்பினார்.

வரைபடத்தைக் கண்ட தந்தை அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. கிறிஸ்துமஸ் புத்தாடைக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். அவன் வாங்கியது ஒயர் வசதியுள்ள, மூடிய, மடக்கும் ஹெட்போன், நடுத்தர விலையினது. பழைய இயர்போனை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பித்தான். இப்போது பேருந்தில் பாதி ஒலியிலேயே கேட்கிறானாம்; புதுவையிலிருந்து திரும்பும்போது சில நாள் எதையும் கேட்காது வெறுமனே கிண்ணத்தை அணிந்து கண்மூடி அமர்ந்து வருகிறானாம். ரீங்காரம் நின்றுவிட்டது. பள்ளம் நிற்கிறது. ஓராண்டு கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

அண்மையில் மீண்டும் அவ்வில்லம் சென்றோம். அன்னை அடுக்களையிலிருந்து அழைத்தார். இரண்டாம் அழைப்பில் திரும்பினான். ஒன்றாம் அழைப்பில் திரும்பும் நாள் வராமலே போகலாம். அதனால்தான் இதனை எழுதுகிறோம். உங்கள் இல்லத்திலும் மகனோ மகளோ பயணம் முடித்து வந்து, காதில் ரீங்காரம் என்று விளையாட்டாகச் சொன்னால், தயவுசெய்து அதனை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பின்னர் அவர்களோடு நீங்களும் கடைக்குச் செல்லுங்கள். இமையில்லாத செவிக்கு இமையாக நம் அறிவும் அன்புமே அமைதல் வேண்டும்.